பொதி கட்டிய கைகள்

நூற்றாண்டு மலருக்கு யார் எதை எழுதுவது என்று நாங்கள் கூடிப் பேசிய அன்று, அதிபர்களின் வரிசை, கட்டடங்களின் கதை, விளையாட்டு வெற்றிகள், நாடகங்கள் என்று தலைப்புகள் ஒவ்வொன்றாகப் பங்கிடப்பட்டன. எல்லாம் முடிந்து தேநீர் வந்தது. தட்டிலிருந்த பிஸ்கட்டைக் கையில் எடுத்த மூத்த சகோதரி ஒருவர், "நாங்க படிக்கக்குள்ள இடைவேளைக்குத் தாற பிஸ்கட் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அவருக்கும் மூத்தவர், "பிஸ்கட் பிறகுதானே வந்தது, எங்களுக்குப் பணிஸ்" என்றார். இன்னும் மூத்தவருக்குக் கரைத்த பால்மாவின் மணம் நினைவில் இருந்தது. வீட்டிலிருந்து கோப்பை கொண்டுபோய் வரிசையில் நின்றதைச் சொன்னார். "அதெல்லாம் ஆர் அனுப்பினது?" என்று இளையவர் ஒருவர் கேட்டார். பெட்டியில் 'கெயார்' என்று எழுதியிருந்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். அதற்கு மேல் எங்களில் எவருக்கும் தெரியவில்லை.

அந்தப் பெயரைத் தேடிப் போனோம். போர்வீரருக்கென்று கட்டப்பட்ட ஒரு பெட்டியில் போய் நின்றோம். அங்கிருந்து இன்னும் பின்னால் போனால், தேவாலய மண்டபங்களில் கூடியிருந்து காலுறை பின்னிய பெண்களிடம் கொண்டுபோய் விட்டது. பாடசாலை வரலாற்றில் இடம்பெறாத இந்த வரலாற்றை, உலகெங்கும் சிதறியிருக்கும் நம் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் இன்று நம்மில் பலர் பொதி கட்டுகிறவர்கள். ஒரு காலத்தில் நாம் எல்லோரும் பொதி வாங்கியவர்கள்.

சிறிய திருச்சபையும் திறந்த வாசலும்

நம் கரையை அறியாத பேரப்பிள்ளைகளும் இந்த மலரைப் படிப்பார்கள் என்பதால் ஊர்களின் பெயரைச் சொல்லிவிடுவோம். கல்முனைக்கு வடக்கே பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை. தெற்கே கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வரும் வரிசை. வேலிக்கு வேலி ஒட்டிய ஊர்கள். இவற்றின் நடுவே கிறிஸ்தவர்கள் எப்போதும் சிறு தொகையினர்தான்.

இலங்கைக்கு முதன்முதல் வந்த மெதடிஸ்த மிஷனரிகளில் ஒருவரான வில்லியம் ஓல்ட் 1814 இல் மட்டக்களப்புக்கு வந்தார். வரும் வழியிலேயே கப்பலில் மனைவியை இழந்தவர். இங்கு அவர் வாழ்ந்தது ஏறத்தாழ எட்டு மாதங்கள்தான். 1815 ஏப்ரலில் நோயுற்று இறந்தார். அவர் தொடங்கிய பள்ளியே இன்றைய மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி. அந்த வழியில்தான் கல்முனைக்கும் மிஷன் பாடசாலைகள் வந்தன. பாடசாலை நடத்தியவர்கள் சில குடும்பங்களைக் கொண்ட சிறிய சபை. வாங்கில் அமர்ந்திருந்தவர்களோ பெரும்பாலும் சபையைச் சேராத பிள்ளைகள். 1892 இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனன் என்ற சிறுவன் கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் படித்து, பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிக்குச் சென்றான். உலகம் அவரைச் சுவாமி விபுலாநந்தர் என்று அறியும். கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். வாங்கிய பிள்ளை தன் வழியில் வளர்ந்தது.

எல்லாக் கொடையும் இப்படி இருந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் நடத்திய விடுதிப் பாடசாலைகளில், அமெரிக்காவில் ஒரு தேவாலயமோ குடும்பமோ ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்றால், அந்தப் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை வைக்கும் வழக்கம் இருந்தது. 1824 இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலை நம் நாட்டுப் பெண் கல்விக்கு வழி திறந்த இடம். அதற்காக நாம் என்றும் நன்றியுடையோம். ஆனாலும் தாய் வைத்த பெயரை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போன சிறுமிகளையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். பொதியோடு ஒரு கயிறும் வரும். அந்தக் கயிற்றின் மறுநுனி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பித்தளைப் பெட்டி

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியது. அந்தப் போர் நம் மொழிக்கு ஒரு சொல்லைத் தந்துவிட்டுப் போனது. இந்து சமுத்திரத்தில் கப்பல்களை வேட்டையாடிய 'எம்டன்' என்ற ஜேர்மன் கப்பல் செப்டம்பர் 22 ஆம் திகதி இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. அதன்பின் துணிச்சலும் தந்திரமும் உள்ள ஆளை 'அவன் ஒரு எம்டன்' என்று சொல்வது தமிழில் வழக்கமாயிற்று. நம் வீடுகளிலும் அடங்காத பிள்ளைக்கு அந்தப் பட்டம் கிடைத்திருக்கிறது.

அந்த ஆண்டு ஒக்டோபரில் இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படையிலிருந்து 230 பேர் அளவில் கப்பலேறி எகிப்துக்குப் போனார்கள். தோட்டத்துரைமாரான அவர்கள் பின்னர் கலிப்போலி வரை சென்றார்கள். அதே மாதம் இங்கிலாந்தில் பதினேழு வயது இளவரசி மேரியின் பெயரில் ஒரு நிதி தொடங்கப்பட்டது. போர்முனையிலும் கடலிலும் இருக்கும் ஒவ்வொருவருக்கும் நத்தாருக்கு ஒரு பரிசு போக வேண்டும் என்பது நோக்கம். பெரும்பாலும் சாதாரண மக்கள் கொடுத்த சிறு தொகைகளால் 1,62,000 பவுணுக்கு மேல் சேர்ந்தது. மூடியில் இளவரசியின் முகம் பொறித்த பித்தளைப் பெட்டி தயாரானது.

பெட்டியைவிட அதற்குள் இருந்தவையே எங்களைக் கவர்ந்தன. புகைப்பவருக்குப் புகையிலையும் சிகரெட்டும். புகைக்காதவருக்கு இனிப்பும், எழுதுதாளும் பென்சிலும் வைத்த சிறு உறையும். தாதியருக்குச் சொக்லேட். இந்தியப் படையினரில் சீக்கியருக்குப் புகையிலை மதத்தால் விலக்கு என்பதால் கற்கண்டும் வாசனைத் திரவியமும். மற்ற இந்தியருக்குச் சிகரெட், கற்கண்டு, வாசனைத் திரவியம். பிரான்ஸின் சேற்றுக் குழியில் நின்ற ஒரு பஞ்சாபிச் சிப்பாய்க்கு ஏலமும் கராம்பும் எப்படி மணத்திருக்கும் என்பது, வெளிநாட்டுச் சமையலறையில் ஊர்த் தூள் போத்தலைத் திறந்த நம் சகோதரிகளுக்குச் சொல்லாமலே விளங்கும். பேரரசின் போர் அது, நியாயம் அநியாயம் வேறு கதை. ஆனால் அந்தப் பட்டியலை எழுதிய யாரோ ஒருவர், 'இவன் வாய்க்கு எது ஆகும்?' என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கிறார்.

இளவரசியின் நிதி பெரியது. சிறிய தேவாலயங்களின் பொதி அதைவிட நெருக்கமானது. பிரித்தானியாவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் சபைப் பெண்கள் கிழமைக்கொரு நாள் மண்டபத்தில் கூடிக் காலுறையும் கழுத்துத் துணியும் பின்னினார்கள். தங்கள் ஊரிலிருந்து போன பையன்களின் பெயர் வரிசையை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பொதி அனுப்பினார்கள். கேக், தேயிலை, சவர்க்காரம், ஒரு கடிதம். காலுறை ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், குழிகளில் நாட்கணக்காகத் தண்ணீரில் நின்ற கால்கள் மரத்து, வீங்கி, அழுகின. காலையே எடுக்க வேண்டி வந்தவர்களும் உண்டு. மாற்றிப் போட உலர்ந்த ஒரு சோடி காலுறை இருந்தால் கால் தப்பும். பின்னல் ஊசி பிடித்த அந்தப் பெண்களுக்கு முன்மாதிரி வேதாகமத்தில் இருந்தது. யோப்பா பட்டணத்தில் விதவைகளுக்கு உடை தைத்துக் கொடுத்த தபீத்தாள். அவருடைய மறுபெயரான தொற்காள் என்ற பெயரிலேயே பல நாடுகளில் தையல் சங்கங்கள் நடந்தன. நம் மிஷன் பாடசாலைகளில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் பாடம் தவறாமல் இருந்ததும் இந்த மரபின் ஒரு கிளைதான்.

அந்த 1914 நத்தார் நாளில் போர்முனையின் சில இடங்களில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. இரு பக்கத்து வீரர்களும் குழியைவிட்டு எழுந்து நடுவெளியில் சந்தித்து, வீட்டிலிருந்து வந்த பொதிகளைப் பிரித்து மாற்றிக்கொண்டார்கள். சிகரெட், புட்டிங், சட்டைப் பொத்தான். தன் மகனுக்கென்று ஒரு தாய் கட்டியது எதிரியின் மகன் வாய்க்குப் போயிற்று. மேலதிகாரிகள் அடுத்த ஆண்டு அதற்கு இடம் வைக்கவில்லை.

பூவரசம்பூவின் கேள்வி

நமது சங்கம் பிறந்த 1920களில், போர் முடிந்த நாளான நவம்பர் 11 இல் இலங்கையிலும் 'பொப்பி' மலர் விற்றார்கள். பாடசாலைப் பிள்ளைகளும் வாங்கிக் குத்திக்கொண்டார்கள். முன்னாள் வீரருக்கென்று சேர்ந்த அந்தப் பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே போனது. இலங்கையில் வாடிய முன்னாள் வீரருக்குக் கிடைத்தது சொற்பம். இதை எதிர்த்து 1931 இல் முன்னாள் படையினரான எலியன் பெரேரா அதே நாளில் 'சூரிய மல்' விற்கத் தொடங்கினார். சூரிய மல் என்றால் வேறொன்றுமில்லை, நம் வளவு வேலியில் பூக்கும் பூவரசம்பூ.

1933 இல் இளைஞர் கழகங்கள் அந்த விற்பனையை ஓர் இயக்கமாக்கின. அதன் தலைவியானவர் டொரீன் யங் என்ற ஆங்கிலேயப் பெண். இங்கு பெண்கள் பாடசாலை அதிபராக இருந்தவர். இலங்கைப் பிள்ளைகளின் சதம் யாருக்குப் போக வேண்டும் என்று அவர் பத்திரிகையில் எழுதியது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 1934-35 இல் மலேரியா கொள்ளைநோயாகப் பரவிப் பல்லாயிரம் பேர் மாண்டபோது, இந்த இயக்கத்தினர் மருந்தும் உணவும் சுமந்து கிராமம் கிராமமாகப் போனார்கள். வீரருக்கென்று தொடங்கிய கை, காய்ச்சலில் கிடந்த பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தது. பள்ளிப் பிள்ளையின் உண்டியலிலும் 'யாருக்கு?' என்ற கேள்வி இருக்கலாம் என்று நம் நாட்டுக்குக் காட்டியது அந்த மஞ்சள் பூ.

நம் கடலுக்கு வந்த யுத்தம்

இரண்டாம் உலகப் போர் தூரத்துச் செய்தியாக இருக்கவில்லை. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலை, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஒன்பதாம் திகதி திருகோணமலை. அன்றே, திருகோணமலைத் துறைமுகத்தைவிட்டு விலகி வந்த 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு நேரே கடலில் மூழ்கடித்தன. கப்பலில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. 307 பேர் இறந்தார்கள். கடலில் தத்தளித்தவர்களில் பெரும்பாலானோரை 'வீற்றா' என்ற மருத்துவக் கப்பல் மீட்டுக் கொழும்புக்குக் கொண்டுபோனது. ஹேர்மிஸ் இன்றும் அங்கேதான் கிடக்கிறது. நம் மீனவரின் வலைக்குக் கீழே பிற நாட்டுத் தாய்மாரின் பிள்ளைகள் உறங்குகிறார்கள்.

அதே ஆண்டு பர்மா யப்பானிடம் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு அரிசி வந்தது, கூப்பன் வந்தது, ஊருக்கு ஊர் சங்கக்கடை வந்தது. பிடியரிசிப் பானையில் ஒரு பிடி போடுவதற்கும் யோசிக்க வேண்டிய காலம். பொதி கொடுத்தவர்களின் பெருமையை அளக்கும்போது அந்தக் காலத்தின் படியையும் சேர்த்தே அளக்க வேண்டும். மிஞ்சியதைக் கொடுப்பது ஒன்று, அளந்து கிடைத்ததில் கொடுப்பது இன்னொன்று. ஸதக்காவைப் பற்றி மதரசாவிலும், விதவையின் இரண்டு காசைப் பற்றி ஞாயிறு பாடசாலையிலும், பகிர்ந்துண்பது பற்றித் திருக்குறள் வகுப்பிலும் நாம் கேட்டது இதுதான்.

உலகின் மறுபக்கத்தில் இதே போரில் பொதி கட்டுவது பெரிய ஏற்பாடாக வளர்ந்திருந்தது. எதிரியிடம் சிறைப்பட்ட வீரருக்குப் பிரித்தானியச் செஞ்சிலுவையினர் அனுப்பிய உணவுப் பொதிகள் மட்டும் இரண்டு கோடி அளவில். ஒவ்வொன்றும் பத்து இறாத்தல் நிறை. கட்டியவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத தொண்டர்கள், அவர்களிலும் பெண்களே அதிகம். ரின்பால், சீனி, பிஸ்கட், சவர்க்காரம், கூடவே ஒரு சிறு பைக்கற் தேயிலை. யப்பான் யாவாவைப் பிடித்தபின் பிரித்தானியாவின் தேநீர்க் கோப்பை இந்தியாவையும் இலங்கையையும் நம்பித்தான் இருந்தது. ஜேர்மன் சிறைமுகாமில் கொதித்த அந்தத் தேநீரில் நம் மலையகப் பெண்கள் கிள்ளிய கொழுந்தும் இருந்திருக்கும். அவர்களை யாரும் கொடையாளர் பட்டியலில் சேர்க்கவில்லை. சிறைப்பட்ட இந்திய வீரருக்கு வேறு பொதி போனது. அதில் அரிசி, ஆட்டா மா, பருப்பு, நெய், கறித்தூள்.

வீரனின் பெட்டி பிள்ளையின் கைக்கு

இனி அந்தப் பிஸ்கட்டுக்கு வருவோம். போர் முடிந்தபோது அமெரிக்கப் படையிடம் பல இலட்சம் உணவுப் பெட்டிகள் மிஞ்சிக் கிடந்தன. பத்து வீரருக்கு ஒரு நாள் உணவு என்று கணக்கிட்டுக் கட்டியவை. யப்பான் மீது படையெடுக்கும் எண்ணத்தில் சேர்த்தவை. 1945 நவம்பரில் அமெரிக்காவின் 22 அறப்பணி அமைப்புகள் ஒன்றுகூடி, அந்தப் பெட்டிகளைப் பட்டினியில் வாடிய ஐரோப்பியக் குடும்பங்களுக்கு அனுப்ப ஒரு கூட்டமைப்பை உண்டாக்கின. தேவாலய அமைப்புகளும் தொழிலாளர் அமைப்புகளும் அவற்றில் இருந்தன. அதுதான் கெயார். பத்து டொலர் கட்டினால் ஒரு பெட்டி போகும். முதல் பெட்டிகள் 1946 மே 11 ஆம் திகதி பிரான்ஸின் லு ஹாவ்ர் துறைமுகத்தில் இறங்கின.

படைவீரனின் பெட்டி அல்லவா, உள்ளே பன்றிக்கொழுப்பும் உப்பிட்ட பன்றியிறைச்சியும் இருந்தன. அப்படியே கல்முனைக்கு வந்திருந்தால் எத்தனை வீட்டில் அது வாசலைத் தாண்டியிருக்கும்? படையின் இருப்பு முடிந்ததும் கெயார் தன் பெட்டிகளைத் தானே கட்டத் தொடங்கியது. யூதர்களுக்கு அவர்கள் மதம் ஏற்கும் உணவுடன் தனிப் பெட்டி கட்டியது. பிறகு ஐரோப்பாவைக் கடந்து ஆசியாவுக்கும் வந்தது. 1950களில் இலங்கைக்கு வந்து, பாடசாலைப் பிள்ளைகளின் பால்மாவிலும் பணிஸிலும் பிஸ்கட்டிலும் பங்கெடுத்தது. 1973 இல் சுகாதார அமைச்சுடன் சேர்ந்து தொடங்கிய 'திரிபோஷா' மா, நம்மில் எத்தனை பேர் கர்ப்பிணியாகக் கிளினிக்குக்குப் போய்க் கையில் வாங்கி வந்தது!

இதற்கிடையில் 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு உதவி பெறும் பாடசாலைகளின் முகாமை சபைகளின் கையிலிருந்து அரசுக்குப் போனது. சிறிய திருச்சபையின் பாடசாலை எல்லோருடைய பாடசாலையும் ஆனது. அதே வாங்கு, அதே இடைவேளை மணி, அதே வரிசை. கத்தோலிக்கப் பிள்ளையும் மருதமுனை நெசவாளியின் மகளும் பாண்டிருப்பு மேசனின் மகளும் ஒரே பிஸ்கட்டைக் கடித்தோம். எங்களுக்குக் கொடுத்தவர் யாரென்று தெரியாது. கொடுத்தவருக்கு எங்களைத் தெரியாது. ஆனால் எவருடைய பெயரையும் எங்களுக்கு வைக்கவில்லை.

பூசாவுக்குப் போன பொதி

வீரருக்குப் பொதி அனுப்பும் கதையை நம் கரையில் இலேசாகச் சொல்லிவிட முடியாது. சீருடையைக் கண்டால் படலையைச் சாத்திய தலைமுறை நாங்கள். 1990 ஆம் ஆண்டின் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் இந்தக் கரையில் தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் விழுந்த இழவுகளை எந்தச் சகோதரிக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரே வகுப்பில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தயங்கிய ஆண்டுகள் அவை.

அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பெண்கள் கட்டிய பொதி வேறு. எண்பதுகளில் கைதான இளைஞர்கள் காலிக்கு அருகிலுள்ள பூசா முகாமில் அடைக்கப்பட்டபோது, கிழக்கிலிருந்து தாய்மார் இரவு பஸ் ஏறி நாட்டின் மறுகரைக்குப் போனார்கள். கையில் ஒரு பை. பொரிவிளாங்காய், சவர்க்காரம், சாரம், பற்பசை. வாசலில் அதைக் கொட்டிக் கிளறிப் பார்ப்பார்கள். பலகாரத்தை உடைத்துப் பார்ப்பார்கள். உடைத்ததைத் திரும்பப் பொறுக்கிக் கட்டி உள்ளே அனுப்பிவிட்டு வந்த தாய்மார் இன்றும் நம் நடுவில் இருக்கிறார்கள்.

சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் 1989 இல் இலங்கையில் பணி தொடங்கியது. அரசு அடைத்து வைத்தவர்களையும், புலிகள் பிடித்து வைத்திருந்த படையினரையும் அது போய்ப் பார்த்தது. குடும்பச் செய்தி மட்டும் எழுதக்கூடிய திறந்த தாளை இரு பக்கத்து வீடுகளுக்கும் கொண்டு வந்து கொடுத்தது. பூசாவில் மகன் இருந்த தாய்க்கும் வன்னியில் மகன் சிறைப்பட்ட சிங்களத் தாய்க்கும் வந்தது ஒரே விதமான தாள்தான். 1998 இல் கிளிநொச்சிப் போரில் மகனைத் தொலைத்த விசாகா தர்மதாச என்ற தாய், காணாமற்போன படையினரின் பெற்றோரை ஒன்றுசேர்த்தார். பின்னர் மறுபக்கத்துத் தாய்மாரையும் தேடிப் போய்ச் சந்தித்தார். 1914 நத்தார் நாளில் வீரர்கள் செய்ததை இங்கு தாய்மார் செய்தார்கள். இதை எழுதலாமா என்று எங்களுக்குள் நெடுநேரம் பேசினோம். ஒரு சகோதரி, "எழுதுங்க. என்ட பிள்ளைக்கு ஆரும் ஒரு வாய் தண்ணி குடுத்திருப்பாங்களா எண்டு நான் இண்டைக்கும் நினைக்கிறன். அவங்கட தாய்மாரும் அதத்தானே நினைப்பாங்க" என்றார். எழுதினோம்.

மார்கழி 26

2004 டிசம்பர் 26. நத்தாருக்கு மறுநாள், ஞாயிறு, போயா தினம். ஆங்கில வழக்கில் 'பொக்சிங் டே', வேலையாட்களுக்கும் ஏழைகளுக்கும் பெட்டி கொடுக்கும் நாளாக இருந்து வந்த பெயர். காலை ஒன்பது மணிக்கு முன் கடல் வந்தது. இலங்கையில் இறந்தவர்கள் 30,000 இற்கு மேல். அதில் 10,000 இற்கு மேற்பட்டோர் நம் அம்பாறை மாவட்டத்தில். வேறெந்த மாவட்டத்திலும் இவ்வளவு சாவு இல்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கடலோர வட்டாரங்கள் மணலாகிப் போயின.

முதல் நாள் உணவு எந்தக் கப்பலிலும் வரவில்லை. அலை எட்டாத மேற்குப் பக்க ஊர்களிலிருந்து சோற்றுப் பார்சலாக வந்தது. பள்ளிவாசலில் ஆக்கியது கோயிலுக்கும் போனது, தேவாலயத்துக்கும் போனது. சோறும் பருப்பும் ஒரு துண்டுக் கருவாடும். யார் கட்டியது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பிறகு உலகத்தின் பொதிகள் வந்தன. உயிர் காத்த மருந்தும் கூடாரமும் வந்தன, நன்றி. வெயில் கொளுத்தும் நாட்டுக்குக் குளிர்கால மேலாடைகளும் வந்தன. அதைச் சொல்லிச் சிரிக்க எங்களுக்கு உரிமையில்லை. எங்கள் கையும் அப்படித்தான் பிழைத்தது. சங்கத்தின் பெயரில் அவசரமாகக் கட்டி அனுப்பிய முதல் தொகுதியில் சேலை இருந்தது, உள்பாவாடையும் சட்டையும் இல்லை. ஹலால் அடையாளமில்லாத இறைச்சி ரின்னும் இருந்தது. முகாமில் ஒரு தாய் அதைத் திருப்பி எங்கள் கையில் வைத்து, "மகள், இத நாங்க எடுக்க மாட்டம். வேற ஆருக்கும் உதவும், குடுங்க" என்றார். எல்லாம் இழந்து நின்றவர் எங்களுக்கு வெட்கம் வராதபடி பேசினார். எங்களுக்கு வெட்கம் வந்தது. பக்கத்து ஊரில் பிறந்து, ஒரே வாங்கில் படித்து, இதைக்கூட யோசிக்காமல் போனோமே.

அடுத்த தொகுதிக்கு முன், முகாமுக்குப் போய்ப் பெண்களோடு தனியே இருந்து கேட்டோம். ஆண்கள் எழுதிய எந்தப் பட்டியலிலும் இல்லாதவை வந்தன. உள்ளாடை. மாதவிலக்குத் துணி. தலையை மூட முக்காட்டுத் துணி, அது இல்லாமல் வரிசையில் போய் நிற்க முடியாமல் உணவை விட்டவர்கள் இருந்தார்கள். சீப்பு. கைக்குழந்தைக்குப் போத்தல். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கப் படம் எடுக்கக் காசு. சாதாரண தரப் பரீட்சைக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு ஒரு கணிதப் புத்தகம். நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன் சீக்கியச் சிப்பாயின் பெட்டியில் கற்கண்டு வைத்தவருக்குத் தெரிந்ததை நாங்கள் அன்றுதான் கற்றோம்.

இனிக் கட்டப்போகும் பொதி

இந்த வரலாற்றை ஏன் நூற்றாண்டு மலரில் சொல்கிறோம் என்றால், அடுத்த நூற்றாண்டில் பொதி கட்டப்போவது நீங்கள். 2022 இல் மருந்துக்கும் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் நாடு வரிசையில் நின்றபோது, லண்டனிலிருந்தும் ரொரன்ரோவிலிருந்தும் மெல்பேர்ணிலிருந்தும் டோஹாவிலிருந்தும் கேட்காமலே கை நீட்டினீர்கள். அதை மறக்கமாட்டோம். அதனால்தான் உரிமையோடு சில சொல்கிறோம்.

அனுப்புவதற்கு முன் கேளுங்கள், அதுவும் பெண்களிடம் கேளுங்கள். கல்முனைக் கடைகளில் வாங்கக்கூடியதைப் பெட்டியில் கட்டி விமானத்தில் ஏற்ற வேண்டாம். அந்தப் பணம் இங்குள்ள கடைக்காரரிடமும் மருதமுனைத் தறியிலும் புழங்கினால் இரண்டு வீட்டில் அடுப்பெரியும். ஒரு பிள்ளையின் படிப்பைப் பொறுப்பேற்றால், அவளுடைய படத்தைக் கேட்காதீர்கள். மேடையில் நிற்க வைக்கவும் சொல்லாதீர்கள். அவள் பெயர் அவளுக்கே இருக்கட்டும். தமிழ்ப் பிள்ளைக்கா முஸ்லிம் பிள்ளைக்கா என்று படிவத்தில் கேட்கும் கொடைகளை நமது சங்கம் ஏற்பதில்லை என்ற முடிவையும் இங்கே பதிந்து வைக்கிறோம். பாடசாலையைக் கட்டிய சிறிய சபை அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் நம்மில் பலர் இந்த மலரை வாசித்திருக்க மாட்டோம்.

எழுதி முடித்ததை அந்த மூத்த சகோதரியிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினோம். கெயாரின் கதையையும் பித்தளைப் பெட்டியையும் கவனமாகக் கேட்டார். "நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஒண்டு விட்டுட்டீங்க" என்றார். என்ன என்று கேட்டோம்.

"அந்தப் பிஸ்கட்ட நான் ஒருநாளும் முழுசாத் தின்னல்ல. கொப்பித் தாள் கிழிச்சு அரைவாசியச் சுத்தி வைப்பன். வீட்டில தம்பி பாத்துக்கொண்டு நிப்பான்."